மூன்று முறை நன்றி சொன்னவளுக்கு

என் அன்புச் சகாயத்துக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒன்பது வருடம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கடிதம் எதற்கு? திரும்பிப் பார்த்துப் பேசினால் போதுமே. அன்பு என்று தொடங்கிவிட்டேன், முடிக்கும்வரை அதே குரலில் பேசுவேனா என்று தெரியவில்லை. எனக்குக் கோபம், கண்ணு. பத்து மாதமாக ஆறாத கோபம்.

யார்மேல் என்று கேட்பாய். கம்பெனிமேல். எச்.ஆர். மேனேஜர் விவேக்மேல். உன்மேலும்தான். எல்லாரையும்விட என்மேல். நடந்ததில் பாதி உனக்குத் தெரியும், மீதி நீ போனபிறகு நடந்தது. நம் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கோ எதுவுமே தெரியாது. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிற பம்ப்செட் கம்பெனி நம்முடையது. மோட்டாருக்குக் காயில் சுற்றுவது நம் வேலை. நான் பெர்மனென்ட், நீ கான்ட்ராக்ட். வேலை ஒன்றுதான், செம்புக் கம்பி ஒன்றுதான், விரலில் விழுகிற வெட்டும் ஒன்றுதான். காரமடையில் பஸ் ஏறி, பெரியநாயக்கன்பாளையத்தில் நான் ஏறும்வரை பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடித்திருப்பாய். யாராவது பையை நகர்த்தினால் போச்சு. "ஏனுங்க, அது எங்கக்கா சீட்டுங்க" என்று எவ்வளவு மரியாதையாகச் சண்டை போடுவாய்!

என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டு நாள் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தாய். உனக்கு ஒன்று என்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாய். டெஸ்டிங்கில் இருக்கும் ஜாபர் அண்ணன் சொல்வாரே, "பேருதான் சகாயமேரி. ஒருத்தர்கிட்ட ஒரு சகாயம் கேக்கத் தெரியாது இந்தப் புள்ளைக்கு" என்று. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். அந்தச் சிரிப்பை நினைத்தால்கூட இப்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

கேண்டீன் மாடியில் இருக்கிறது. போன வருடம் சித்திரையில் நீ படிக்கட்டின் பாதியில் நிற்க ஆரம்பித்தாய். "வெயிலுங்க்கா" என்றாய். ஆனியில் தோளில் ஈரத் துண்டைப் போட்டதுபோலச் சாரல் காற்று வந்துவிட்டது, அப்போதும் நின்றாய். "நேத்துத் தூக்கமில்லீங்க்கா" என்றாய். நானும் நம்பினேன். இல்லை, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஒருநாள் ஸ்டூலிலிருந்தே சரிந்தாய். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள்.

அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. உன் பெயரில் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு இல்லை. கான்ட்ராக்டர் மாறியபோது பழையவர் விட்டுவிட்டார், புதியவர் சேர்க்கவில்லை. அதைக் கேட்க ஆபீசுக்குப் போனோம். "அது கான்ட்ராக்டர் விஷயமுங்க" என்றார்கள். கான்ட்ராக்டர், "பேப்பர் போயிருக்குதுங்க" என்றார். எல்லாரும் எவ்வளவு பணிவாகப் பேசினார்கள்! ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் ஒரு பகுதி வந்துவிடும், மீதியைக் கட்டினால் அடுத்த நாளே படுக்கை தருகிறோம் என்றது தனியார் ஆஸ்பத்திரி.

மீதியை நாமே சேர்ப்போம் என்று சொன்னது நான்தான். வெறும் கையை நீட்டி வாங்காமல், ஒரு சனிக்கிழமை மதியம் கேண்டீனில் சாப்பாட்டுக் கடை போடுவது என்று முடிவானது. அந்த நாளை நீ பார்க்கவில்லை. உன்னை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம். உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

எப்படி இருந்தது தெரியுமா? நம் காயில் வைண்டிங் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு பஸ் ஏறினார்கள். அரிசிம்பருப்பு சாதம் ஒரு அண்டா, சந்தகை தேங்காய்ப்பாலோடு, ஒப்பிட்டு, கச்சாயம். ஜாபர் அண்ணன் கோட்டைமேட்டிலிருந்து அவர் தம்பியின் வண்டியில் பிரியாணி டேக்‌ஷாவைக் கொண்டுவந்து இறக்கினார். ஃபவுண்டரி ஆட்கள் இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டு மூன்று தடவைக்குக் கொடுத்தார்கள். பல் டாக்டருக்கென்று வைத்திருந்ததை அப்படியே போட்டுவிட்டு, "பல்லு எங்கீங்க போகுது, ஒரு மாசம் வலிச்சுட்டுப் போகட்டும்" என்றார் கேட் வாட்ச்மேன். இரண்டு மணிக்குள் எல்லாம் தீர்ந்தது. வேண்டியது சேர்ந்துவிட்டது. நான் டிபன் கேரியர் கழுவுகிற குழாயடியில் நின்று அழுதேன்.

"இன்னிக்கே கொண்டுபோய்க் கட்டிரலாம் தங்கச்சி. நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றார் ஜாபர் அண்ணன்.

அப்போதுதான் விவேக் வந்தார். நல்ல பையன், சிரித்த முகம். "சூப்பருங்க தனம்க்கா! எம்.டி. சாருக்கு போட்டோ அனுப்பினேன். ரொம்ப சந்தோஷப்பட்டாருங்க. நீங்க சேத்த அளவுக்குக் கம்பெனியும் போடுமாம். பணத்தைக் கம்பெனி அக்கவுண்ட்ல கட்டிருங்க. வர்ற வெள்ளிக்கிழமை ஃபவுண்டர்ஸ் டே. சார் கையாலயே சகாயம்க்காவுக்குக் குடுத்துரலாமுங்க."

ஜாபர் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் கணக்குப் போட்டேன். ஆபரேஷன் முடிந்தால் போதுமா, அதன்பிறகு மாத்திரை இல்லையா, ஆறு மாதம் நீ வேலைக்கு வராமல் இருந்தால் உன் மகள் ரோஸ்லின் படிப்பு இல்லையா? ஆறே நாள்தானே? "சரிங்க" என்று சொன்னேன். அந்த வாய் என்னுடையது, சகாயம். வேறு யாருடையதும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. எம்.டி. ஜெர்மனியில் கண்காட்சிக்குப் போயிருந்தார். அடுத்த வெள்ளி என்றார்கள். அடுத்த வெள்ளிக்குச் சாமியானா கிடைக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளி என்றார்கள். நான் விவேக் ரூமுக்கு மூன்று தடவை போனேன். "நம்ம பணத்தையாவது முன்னாடியே குடுத்துருங்களேன்" என்றேன். "குடுத்துட்டா அப்புறம் ஃபங்ஷன்ல எதைங்க குடுக்கறது?" என்று கேட்டார். அதைக் கேட்டுவிட்டும் நான் எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.

உன்னிடம் வந்து சொன்னபோது, "பரவால்லீங்க்கா. பெரிய மனுசங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும். பொறுத்துக்கலாமுங்க" என்றாய். ஏன் அப்படிச் சொன்னாய்? ஒருமுறை, ஒரே ஒருமுறை, "எனக்கு மூச்சு முட்டுது, உடனே வாங்கிக் குடு" என்று என்னைத் திட்டியிருக்கக் கூடாதா? உன்மேல் கோபம் என்றேனே, இதுதான் அது.

அந்த வீடியோவுக்கு வருகிறேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுவேன்.

விழாவில் திரையிட வேண்டும் என்று உன்னைக் கம்பெனிக்கு வரச்சொன்னார்கள். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வரச்சொன்னார்கள். மாடியில் மீட்டிங் ஹாலில் வைத்துப் படமெடுத்தார்கள். நீ படியேறி வந்து உட்காரும்போதே உதடு வெளுத்திருந்தது. "ரொம்ப நன்றிங்க. கம்பெனிக்கும் எம்.டி. சாருக்கும் ரொம்ப நன்றிங்க" என்றாய். படமெடுத்தவர், "கொஞ்சம் கேமராவைப் பாத்து" என்றார். திரும்பவும் சொன்னாய். "உங்க பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சேத்துக்கங்க. மெதுவா, ஃபீல் பண்ணிச் சொல்லுங்க" என்றார் விவேக். மூன்றாவது தடவையும் சொன்னாய். பாதியில் மூச்சு வாங்கியது. "அதை அப்படியே வெச்சுக்கலாம், நேச்சுரலா இருக்குது" என்றார்கள்.

கையில் ஒன்றும் கொடுக்காமலே மூன்று நன்றி வாங்கிக்கொண்டார்கள். உன் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். கேமராவை மறித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டியவள் நான். மூடியைத் திறந்து பாட்டிலை நீட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

கடை போட்டுப் பதினேழு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை உன் வீட்டுக்காரர் அந்தோணி போன் செய்தார். நான் பஸ்ஸில் இருந்தேன். உன் சீட்டு காலியாக இருந்தது, லீவில்தானே இருக்கிறாய் என்று பையை அதில் வைத்திருந்தேன். "அக்கா, சகாயம் போயிட்டாளுங்க" என்றார். துணி துவைக்கப் போனவள் வாசப்படியில் உட்கார்ந்தாளாம், எழவில்லையாம்.

டாக்டரிடம் கேட்டேன். அவர் அறைக்கு வெளியே காத்திருந்து கேட்டேன். "ரெண்டு வாரம் முன்னாடி ஆபரேஷன் நடந்திருந்தா பொழச்சிருப்பாளுங்களா?" அவர் என்னையே பார்த்தார். "அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாதுங்கம்மா" என்றார். பிழைத்திருப்பாய் என்று சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன். பிழைத்திருக்க மாட்டாய் என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

உன்னை அடக்கம் செய்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன். ரிசப்ஷனில் சுவரோடு சாத்தி வைத்திருந்தது ஓர் அட்டை. ஆர்.எஸ்.புரத்தில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு செக். கம்பெனி பெயர் பெரிதாக, உன் பெயர் சிறிதாக. மூலையில் உன் படம், அந்த வீடியோவிலிருந்து எடுத்தது. அந்த அட்டை வரத்தான் பதினேழு நாள் காத்திருந்தோமா?

பத்து மணிக்கு மீட்டிங் கூப்பிட்டார்கள். செக்‌ஷனுக்கு இரண்டு பேர். விவேக் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு தொடங்கினார். "எல்லாருக்கும் வருத்தந்தானுங்க. ஆனா ஃபங்ஷனை நிறுத்த வேண்டாம்னு சார் சொல்றாருங்க. பேரை மட்டும் மாத்தி, அவங்க வீட்டுக்காரர்கிட்டக் குடுத்துரலாம். மொதல்ல ரெண்டு நிமிசம் மௌன அஞ்சலி, அப்புறம் அந்த வீடியோ. பாக்கறவங்களுக்கு இன்னும் டச்சிங்கா இருக்குமுங்க."

நான் எழுந்தேன். "இந்தாப்பா விவேக்கு, நிறுத்து" என்றேன்.

அறையே திரும்பியது. நம் ஊரில் பிச்சை கேட்பவரைக்கூட 'ங்க' போட்டுத்தானே பேசுவோம். கம்பெனியில் இருபத்திரண்டு வருடத்தில் நான் அதை விட்டது அன்றைக்குத்தான்.

"உயிரோட இருந்தவளைப் படியேத்தி நன்றி சொல்ல வெச்சே. இப்பச் செத்தவளையும் மேடையேத்தப் பாக்கறே. அந்தப் பணம் உன்றதா? உங்க சார்றதா? கேட் வாட்ச்மேன் பல் வலியைப் பொறுத்துட்டுக் குடுத்தது அது. ஃபவுண்டரிக்காரன் வேர்வை அது. எங்க பணத்தை எங்ககிட்டக் குடு. இன்னிக்கு, இப்பவே."

"தனம்க்கா, ப்ராசஸ் இருக்குதுங்க. சார் கையெழுத்து வேணுமுங்க. நீங்க எமோஷனலா இருக்கறீங்க" என்றார். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.

"ஆமா, இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வைண்டிங் பெண்கள் யாரும் கேண்டீனிலிருந்து இறங்கவில்லை. நான் சொல்லி நடந்ததில்லை இது. ஜாபர் அண்ணன்தான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஒருத்தி உட்கார்ந்தாள், அப்புறம் எல்லாரும். கோஷம் இல்லை, கொடி இல்லை. கான்ட்ராக்ட் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள், சகாயம். நாளைக்கே வேலை போகலாம் என்று தெரிந்தே உட்கார்ந்தார்கள். கீழே மெஷின்கள் சும்மா நின்றன. நாலு மணிக்கு அக்கவுண்ட்ஸ்காரர் செக்கோடு மேலே வந்தார். சின்னச் செக், சட்டைப் பையில் வைக்கிற செக். கையெழுத்துப் போட்டது ஜெர்மனியிலிருந்து திரும்பிய எம்.டி.யின் அதே கைதான். மூன்று மணிநேரத்தில் கிடைத்துவிட்டது.

நாங்கள் சேர்த்தது மட்டும்தான் அதில் இருந்தது. கம்பெனி போடுவதாகச் சொன்னது வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அன்று மாலையே நானும் ஜாபர் அண்ணனும் உன் வீட்டுக்குப் போனோம். அந்தோணி தான் ஓட்டுகிற குட்டியானை லோடு வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து அதிலேயே உட்கார்ந்திருந்தார். செக்கை நீட்டினேன். வாங்கவில்லை. "இனி எதுக்குங்க இது?" என்று மட்டும் கேட்டார். ஜாபர் அண்ணன்தான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆஸ்பத்திரிக்குனு சேத்தது, புள்ளை படிப்புக்கு ஆகட்டும் தம்பி. சேத்தவங்க எல்லாருகிட்டயும் கேட்டுட்டுத்தான் வந்திருக்கறோம்" என்றார். அப்புறம்தான் வாங்கினார்.

ரோஸ்லின் உள்ளே இருந்து வந்தாள். பத்தாவது படிக்கிற பிள்ளை, உன் முகம் அப்படியே. அவள் செக்கைப் பார்க்கவே இல்லை. போனை என் முன்னால் நீட்டினாள்.

"பெரியம்மா, இதை யாருங்க போட்டது?"

இணையத்தில் கம்பெனியின் பக்கத்தில் உன் வீடியோ. பின்னால் சோகமாக ஒரு இசை. கீழே கம்பெனியின் பெயர், கூப்பிய கைகள். "எங்க கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க. அம்மா அதுல மூச்சு வாங்கறாங்க. அதைப் போயி லைக் போட்டிருக்கறாங்க" என்றாள். அழவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். நீ பயப்பட வேண்டாம், கண்ணு. இவள் உன்னைப் போல இல்லை. இவளுக்குக் கோபப்படத் தெரியும்.

மறுநாள் காலை விவேக் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "உக்காருங்க" என்றார். உட்காரவில்லை. "அந்த வீடியோவை எடு. எடுக்கறவரைக்கும் நான் இங்கேயேதான் நிப்பேன்." மேலே கேட்க வேண்டும் என்றார். கேள் என்றேன். கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், போனை எடுத்து விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். போய்விட்டது. அவருக்குக் கண் கலங்கியதைப் பார்த்தேன். "எனக்கும் அக்கா இருக்கறாங்க" என்றார். இருக்கட்டும். அந்தக் கண்ணீருக்காக நான் இரங்கவில்லை. இரங்கியிருக்க வேண்டுமோ? தெரியவில்லை.

எனக்கு ஒரு மெமோ வந்தது. காயில் செக்‌ஷனிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். இப்போது நட்டு போல்ட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஃபவுண்டர்ஸ் டே நடந்தது, கேக் வெட்டினார்களாம். நம் ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், யாரும் கைதட்டவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் தெரியுமா? போன வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு சர்க்குலர். "சகாயமேரி நினைவு உதவி நிதி." வருடாவருடம் ஊழியர்கள் உணவுத் திருவிழா நடத்தி நிதி திரட்டுவார்களாம், விழா மேடையில் எம்.டி. வழங்குவாராம். ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயரைப் போட்டிருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. அந்தோணியைக் கேட்கவில்லை. இ.எஸ்.ஐ. கொடுக்க மறந்தவர்களுக்கு உன் பெயர் மட்டும் மறக்கவில்லை பார்.

அந்தக் காகிதத்தின் கீழேயே எழுதிப் போட்டேன். "இதற்கு நான் சம்மதிக்கவில்லை. சகாயத்தின் வீட்டாரும் சம்மதிக்கவில்லை. உதவி செய்ய நினைத்தால் கான்ட்ராக்டில் இருப்பவர்களை இ.எஸ்.ஐ.யில் சேருங்கள்." சாயங்காலத்துக்குள் அதன் கீழே இடமில்லாமல் கையெழுத்துகள். ஃபவுண்டரிக்காரர்கள் கரிக்கையோடு போட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் போர்டு காலியாக இருந்தது. "பரிசீலனையில் இருக்கிறதுங்க" என்று பதில் வந்திருக்கிறது. அந்த வார்த்தையை நான் நம்பவில்லை.

நாங்கள் கடை போடுவதை நிறுத்தவில்லை, தெரியுமா? போன மாதம் பெயின்ட் செக்‌ஷனில் ஒருவருக்குக் கால் முறிந்தது. கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில் போட்டோம். கம்பெனிக்குச் சொல்லவில்லை. மூன்று மணிக்குப் பாத்திரத்தைக் கழுவினோம், நாலு மணிக்கு ஜாபர் அண்ணன் பணத்தைக் கால் முறிந்தவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அடிபட்டவர் வீட்டுக்காரி நன்றி சொல்ல வாயெடுத்தாளாம், "அதெல்லாம் வேண்டாம்மா, போய் மாத்திரை வாங்கு" என்று வந்துவிட்டாராம்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கான்ட்ராக்டில் இருக்கிற முப்பத்தொரு பெண்களின் பெயர்களையும் எழுதிவிட்டேன். எத்தனை வருடம் வேலை, எந்த மாதத்திலிருந்து இ.எஸ்.ஐ. இல்லை என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டு எழுதியிருக்கிறேன். உன் ஸ்டூலில் இப்போது உட்காருகிற பிள்ளை பயந்தாள், "வேலை போயிருமுங்க்கா" என்றாள். புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன், என் கையெழுத்தைப் போட்டேன். திங்கட்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு நேராகப் போகிறேன். நாளைக்கு வா என்றால் நாளைக்கும் போவேன். அடுத்த மாதம் வா என்றால் அந்த மாதம் முழுக்கப் போவேன். முப்பத்தொரு இ.எஸ்.ஐ. அட்டையும் அவர்கள் கைக்கு வரும்வரை நான் ஓயமாட்டேன், சகாயம்.

கோபத்தை இறக்கி வைக்காமலே உன்னை நினைத்திருக்கும்,
உன் தனம் அக்கா